எச்.ஐ.வி. குரங்குகளை ஏன் ஒன்றும் செய்வதில்லை? அவற்றின் எதிர்ப்பு மரபணுவை நமக்கு வைக்க முடியாதா?

"சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் டி.என்.ஏ. 99 சதவீதம் ஒன்று என்கிறார்கள். ஆனால் எச்.ஐ.வி. நம்மைக் கொல்கிறது, குரங்குகளை ஒன்றும் செய்வதில்லை. அவற்றின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நம்முடையதைவிட மேலானவையா? அப்படியென்றால் அதை எடுத்து நமக்கு வைத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது எச்.ஐ.வி. பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு விஷயங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு நெருங்கிய சொந்தத்துக்குள் இத்தனை சிறிய வித்தியாசம் எப்படி உயிர் போகும் வித்தியாசமாகிறது? அந்த வித்தியாசத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது? நான் பல ஆண்டுகளாக ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி. சேர்ந்த வைரஸ் குடும்பம்) ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். மனித ரத்தமும் மக்காக் குரங்கு ரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் என் மேசைக்கு வரும். பரிணாம வரலாறு என் துறை இல்லை, அந்தப் பகுதியைப் படித்துத் தெரிந்துகொண்டவனாகத்தான் சொல்ல முடியும். எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 99. 2005-இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியானபோது, நம்முடையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்த இடங்களில் ஏறத்தாழ 1.2 சதவீத எழுத்துகள் வேறாக இருந்தன. சதவீதத்தில் சின்னதாகத் தெரியும், எண்ணிக்கையில் அது சுமார் 3.5 கோடி எழுத்துகள். இடையில் செருகப்பட்ட துண்டுகளையும் விடுபட்ட துண்டுகளையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அதைவிட முக்கியமான விஷயம், இந்த வித்தியாசம் எல்லா இடத்திலும் சீராகப் பரவவில்லை. ஒப்பிட்ட புரதங்களில் கிட்டத்தட்ட 29 சதவீதம் ஓர் அமினோ அமிலம்கூட மாறாமல் இரண்டு இனத்திலும் அப்படியே இருக்கின்றன. கிருமியை நேரடியாகத் தொடும் புரதங்களில் மாற்றம் குவிந்து கிடக்கிறது. இதை அளக்க ஒரு வழி உண்டு. டி.என்.ஏ.வில் எழுத்து மாறினாலும் சில சமயம் புரதத்தில் அமினோ அமிலம் மாறாது, சில சமயம் மாறும். சாதாரண மரபணுவில் அமினோ அமிலத்தை மாற்றிவிடும் மாற்றங்கள் குறைவாகவே தங்கும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை கேடுதான் செய்யும். வைரஸை எதிர்க்கும் சில மரபணுக்களில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. மாறியவை பிழைத்தன, மாறாதவை போய்ச் சேர்ந்தன என்ற நெருக்கடி அங்கே பல முறை வந்திருக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் கேள்வியில் இருக்கும் "குரங்குகளை ஒன்றும் செய்வதில்லை" என்பது. இது பாதி உண்மை. 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்க ஆய்வகங்களில் நூற்றுக்கு மேற்பட்ட சிம்பன்சிகளுக்கு எச்.ஐ.வி. ஏற்றினார்கள். வைரஸ் உள்ளே தங்கியது, ஆனால் மிகச் சில விதிவிலக்கு தவிர அவற்றுக்கு எய்ட்ஸ் வரவில்லை. சிம்பன்சிக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் உலகெங்கும் பரவியிருக்கும் எச்.ஐ.வி.-1 வகைக்கு மூலமே சிம்பன்சியின் எஸ்.ஐ.வி. என்ற வைரஸ். தான்சானியாவின் கோம்பே காட்டில் அந்த வைரஸ் தொற்றிய சிம்பன்சிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்றியவை சாகும் வாய்ப்பு, அதே வயதுள்ள தொற்றாதவற்றைவிட 10 முதல் 16 மடங்கு அதிகம். ஆசியாவின் மக்காக் குரங்குகள் வேறு கதை. வட இந்தியாவில் காணும் ரீசஸ் குரங்குக்குள் எச்.ஐ.வி.-1 வேரூன்றவே முடியாது. ஆனால் சூட்டி மாங்கபே என்ற ஆப்பிரிக்கக் குரங்கின் எஸ்.ஐ.வி. ரீசஸுக்குள் போனால், மனிதருக்கு வரும் எய்ட்ஸ் போலவே சிடி4 என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் சரிந்து குரங்கு இறந்துபோகும். அந்த மாங்கபேயோ அதே வைரஸை ரத்தத்தில் ஏராளமாக வைத்துக்கொண்டு நலமாக வாழ்கிறது. ஆக, வேரூன்றவே விடாதது, வேரூன்றினால் சாவது, வேரூன்றினாலும் கூடவே வாழ்வது என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக்கள் வேறு வேறு.

வேரூன்றவே விடாததில்தான் உறுதியாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் ஜோசப் சோட்ராஸ்கியின் குழு, ரீசஸ் செல்களில் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் புரதத்தைக் கண்டுபிடித்தது. பெயர் ட்ரிம்5 ஆல்ஃபா. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைந்ததும் அதன் ஆர்.என்.ஏ. ஒரு கூம்பு வடிவப் புரதக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். ட்ரிம்5 அந்தக் கூட்டின்மேல் அறுகோண வலையாகப் படிந்துகொள்ளும். அதன் பிறகு கூடு நேரத்துக்கு முன்பே சிதைந்துபோகும், வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்ள முடியாமல் அதோடு நின்றுவிடும். இந்தப் புரதம் நமக்கும் இருக்கிறது. நம்முடையதில் 493 அமினோ அமிலங்கள். அதன் ஒரு முனையில் இருக்கும் சிறு பகுதிதான் கூட்டைத் தொட்டுப் பார்த்து அடையாளம் காணும். நம்முடைய ட்ரிம்5-இல் 332-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ரீசஸில் அதற்கு நேரான இடத்தில் புரோலைன். 2005-இல் லண்டனில் ஜோனத்தன் ஸ்டோயின் குழு மனிதப் புரதத்தில் அந்த ஒரே இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது. அதுவரை எச்.ஐ.வி.யைச் சட்டை செய்யாமல் இருந்த மனித ட்ரிம்5 அதைத் தடுக்கத் தொடங்கியது. 493-இல் ஒன்று. சதவீதக் கணக்கு ஏன் இந்த விஷயத்தில் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதைக் கேட்டதும், ஐயோ, நமக்கு மட்டும் தவறான எழுத்து வந்துவிட்டதே என்று தோன்றும். தவறு என்று சொல்வதற்கில்லை. எலிகளின் ரத்தப் புற்று வைரஸில் ஒரு வகை உண்டு. அதை மனித ட்ரிம்5 அடித்து நிறுத்திவிடும், ரீசஸுடையது அரைகுறையாகத்தான் தடுக்கும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் அதே ரீசஸ் ட்ரிம்5, தன் இனத்தையே கொல்லும் எஸ்.ஐ.வி.யிடம் தோற்றுப்போகிறது. திருடன் எந்த ஜன்னல் வழியாக வந்தானோ அந்த ஜன்னலுக்குத்தான் வீட்டுக்காரர் கம்பி போடுவார். அடுத்த தெருவில் வேறு ஜன்னலுக்குக் கம்பி இருக்கும். எந்த வீடு பாதுகாப்பானது என்று கேட்டால், இன்றைய திருடன் எந்தப் பக்கம் வருகிறான் என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்ல முடியும்.

அப்படியானால் நமக்கு வந்த அந்தப் பழைய திருடன் யார்? இங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. சிம்பன்சி, கொரில்லா இரண்டின் மரபணுத்தொகுதியிலும் பி.டி.இ.ஆர்.வி.1 என்ற பழைய ரெட்ரோவைரஸின் எச்சங்கள் நிறைய இருக்கின்றன. நமக்கு அது இல்லை. 2007-இல் சியாட்டிலில் மைக்கேல் எமர்மன், ஹர்மித் மாலிக் ஆகியோரின் குழு, அந்த வைரஸின் கூட்டுப் பகுதியை மறுபடி கட்டியெழுப்பி, மனித ட்ரிம்5 அதைத் தடுக்கிறது என்று காட்டியது. கேட்க அழகான கதை. பழைய தொற்று ஒன்றிலிருந்து தப்பிக்க நம் முன்னோர் எடுத்த வடிவமே எச்.ஐ.வி.க்குக் கதவைத் திறந்துவிட்டது என்று பல இடங்களில் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டே நியூயார்க்கில் பால் பீனியாஷின் குழு கூட்டை வேறு முறையில், இன்னும் முழுமையாகக் கட்டிப் பார்த்தபோது மனித ட்ரிம்5 அதைத் தடுக்கவில்லை. ஏபோபெக்3 என்ற இன்னொரு வகைப் புரதங்கள் அதைத் தாக்கிய தடயம்தான் கிடைத்தது. எனக்கு இரண்டாவது ஆய்வுதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது. நம் ட்ரிம்5 ஏதோ ஒரு பழைய கிருமியால் செதுக்கப்பட்டது என்பதை மரபணுவே சொல்கிறது. அந்தக் கிருமியின் பெயரைச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ட்ரிம்5 பற்றிச் சொல்லும்போது தென் அமெரிக்காவின் ஆந்தைக் குரங்கை விட்டுவிட மனம் வரவில்லை. அதன் ட்ரிம்5 மரபணுவுக்குள், சைக்ளோஃபிலின் ஏ என்ற வேறொரு மரபணுவின் பிரதி எப்போதோ தாவி வந்து ஒட்டிக்கொண்டது. சைக்ளோஃபிலினுக்கு எச்.ஐ.வி.யின் கூட்டோடு ஒட்டும் இயல்பு ஏற்கெனவே உண்டு. ஆக, ஒரு பக்கம் கூட்டைப் பிடிக்கும் கை, மறுபக்கம் அதை அழிக்கும் கை என்று ஒரு கலப்புப் புரதம் உருவாகி, அந்தக் குரங்கு தன் வாழ்நாளில் பார்த்தேயிராத எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது. இதே விபத்து ஆசியாவின் மக்காக்குகளில் சிலவற்றிலும் தனியாக, இரண்டாம் முறை நடந்திருக்கிறது. ஆனால் பன்றிவால் மக்காக்கில் இருக்கும் அந்தக் கலப்புப் புரதம் எச்.ஐ.வி.-1-ஐத் தடுப்பதில்லை. அதனால்தான் மக்காக்குகளில் அந்த இனத்துக்கு மட்டும் எச்.ஐ.வி.-1 ஓரளவு தொற்றுகிறது.

சிம்பன்சியிடமிருந்து நமக்கு வைரஸ் தாவியதில் வேறொரு மரபணு நடுவே நின்றது. டெதரின் என்ற புரதம், செல்லைவிட்டு வெளியேறும் வைரஸ் துகள்களைச் செல்லின் மேல்தோலிலேயே கட்டிப் போடும். சிம்பன்சியின் எஸ்.ஐ.வி. தன் நெஃப் என்ற புரதத்தால் சிம்பன்சியின் டெதரினை முடக்குகிறது. நெஃப் பிடித்துக்கொள்ளும் இடம் டெதரினின் வாலில் இருக்கும் ஐந்து அமினோ அமிலங்கள். மனித டெதரினில் அந்த ஐந்தும் இல்லை. நியாண்டர்தால் மரபணுவிலும் இல்லை என்பதால், நாமும் அவர்களும் பிரிவதற்கு முன்பே அது போய்விட்டது என்று சொல்லலாம். எனவே மனிதருக்குள் வந்த வைரஸுக்கு நெஃப் பயனற்றுப்போனது. பல முறை தாவிய வைரஸ்களில் இன்று உலகம் முழுதும் பரவியிருக்கும் எம் பிரிவு, விபியு என்ற இன்னொரு புரதத்தை அந்த வேலைக்குப் பழக்கிக்கொண்டது. எய்ட்ஸ் நோயாளிகளில் மிகச் சிலரிடமே காணப்படும் பி (P) பிரிவால் மனித டெதரினை எந்த வழியிலும் சரிவர முடக்க முடியவில்லை. டெதரினை வெல்லும் திறனுக்கும் பரவலுக்கும் தொடர்பு இருப்பது போலத் தெரிகிறது. அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எம் பிரிவு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கின்ஷாசா போன்று வேகமாக வளர்ந்த நகரில் பரவியது என்பதும் அதற்குச் சமமான எடையுள்ள காரணம். மரபணுவை மட்டும் படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாங்கபே ஏன் நோயுறாமல் வாழ்கிறது என்பதற்கு ஒரே மரபணுவைக் காட்ட முடியாது. அதன் உடல் வைரஸை அடக்குவதில்லை, வைரஸுக்குத் தான் காட்டும் எதிர்வினையை அடக்கிக்கொள்கிறது. மனிதருக்கும் ரீசஸுக்கும் எச்.ஐ.வி. அல்லது எஸ்.ஐ.வி. வந்தால் குடல் சுவர் கசிந்து, அங்கிருக்கும் பாக்டீரியாவின் பொருட்கள் ரத்தத்துக்குள் வந்து, நோய் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் தூண்டப்பட்டு, அந்தத் தூண்டலிலேயே தேய்ந்துபோகும். மாங்கபேயிடம் அந்தத் தொடர் தூண்டல் ஆரம்ப வாரங்களிலேயே அடங்கிவிடுகிறது. 2018-இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது, பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருளை உணரும் டி.எல்.ஆர்.4 மரபணு கடைசிப் பகுதியில் மாறியிருப்பதும், அதனால் அதன் சமிக்ஞை பலவீனமாக இருப்பதும் தெரியவந்தது. காரணங்களில் ஒன்று என்ற அளவில் அதை ஏற்றுக்கொள்கிறேன். நோய் எதிர்ப்பு என்றால் ஓங்கி அடிப்பது என்று நினைப்பவர்களுக்கு, அடிக்காமல் விடுவதும் ஓர் எதிர்ப்பு முறை என்று காட்டும் குரங்கு இது.

இப்போது "மேலானவையா" என்ற உங்கள் கேள்விக்கு மறுபக்கம். ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் ட்ரிபனோசோமா புரூசி என்ற ஒட்டுண்ணி, மாடுகளைக் கொல்லும். அதன் பெரும்பாலான வகைகளை மனித ரத்தத்தில் போட்டால் அவை ஊதி வெடித்துப்போகும். ஏபோஎல்1 என்ற புரதம் ஒட்டுண்ணிக்குள் போய்த் துளை போடுவதுதான் காரணம். கொரில்லாவுக்கும் பாபூன்களுக்கும் அது உண்டு, சிம்பன்சிக்கு வேலை செய்யும் ஏபோஎல்1 இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒட்டுண்ணி வகை ஒன்று, நம் ஏபோஎல்1-ஐப் பிடித்து முடக்கும் புரதத்தை உண்டாக்கிக்கொண்டது. அதனால்தான் அந்த வகையால் மனிதருக்குத் தூக்க நோய் வருகிறது. அந்த முடக்கும் புரதத்தால் பாபூனின் ஏபோஎல்1-ஐப் பிடிக்க முடிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க மரபினரில் பலருக்கு அதன் பிடியிலிருந்து நழுவும் மனித வடிவங்களும் இருக்கின்றன. ஆனால் அதற்கு விலை உண்டு. 2010-இல் தெரியவந்தபடி, அந்த வடிவம் தாய் வழியிலும் தந்தை வழியிலும் சேர்ந்து வந்தால் சிறுநீரக நோய்க்கான ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

நம் ஊருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் இருக்கிறது. மக்காக் குரங்குகளிடம் பி வைரஸ் என்ற ஹெர்பிஸ் வகை சர்வ சாதாரணம். அவற்றுக்கு அது வாயில் புண் வரும் அளவோடு போய்விடும். கடி மூலம் மனிதருக்கு வந்து, சிகிச்சை தராமல் விட்டால் மூளையைத் தாக்கிப் பத்தில் ஏழு பேருக்கு மேல் கொன்றுவிடும். அதே சமயம் நம் உதட்டில் கொப்புளமாக வந்துபோகும் சாதாரண ஹெர்பிஸ், தென் அமெரிக்காவின் குட்டி மார்மசெட் குரங்குக்குப் போனால் அதைக் கொன்றுவிடும். யார் மேலானவர் என்று இதில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. பழகிய விருந்தினர் யாருக்கு யார் என்பதுதான் தெரிகிறது. கோயில்களிலும் மலைப்பாதைகளிலும் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்கும் மக்காக் இனம்தான். பி வைரஸ் மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம், அதைவிட வெறிநாய்க்கடி நோய்தான் உடனடிக் கவலை. எதுவானாலும் குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ 15 நிமிடமாவது சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மரபணு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் ஆபத்தான வித்தியாசம் இருக்கலாம். இது என் அன்றாட வேலையோடு தொடர்புள்ளது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரத்தத்தில் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை எண்ண, அவற்றின் சிடி3 என்ற புரதத்தின்மேல் ஒட்டும், ஒளிரும் ஆன்டிபாடியைச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓட்டுவோம். மனித ரத்தத்துக்கு எங்கும் பயன்படும் யு.சி.எச்.டி.1 என்ற குளோனை (ஆன்டிபாடி ரகத்தை) மக்காக் ரத்தத்தில் சேர்த்தால் திரையில் டி செல் கூட்டமே தெரியாது, குரங்குக்கு டி செல்லே இல்லை என்று நினைத்துவிடலாம். எஸ்.பி.34-2 என்ற குளோனைச் சேர்த்தால் கூட்டம் பளிச்சென்று எழும். புரதம் அங்கேதான் இருக்கிறது, ஆன்டிபாடி பிடிக்கும் இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2006 மார்ச்சில் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்தது. டி செல்லின் மேலிருக்கும் சிடி28 என்ற புரதத்தைத் தூண்டும் டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடி மருந்தை நலமாக இருந்த ஆறு பேருக்கு முதன்முறையாக ஏற்றினார்கள். மக்காக் குரங்குகளுக்கு அதைப்போல 500 மடங்கு கொடுத்துப் பார்த்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மருந்து ஒட்டும் இடமும் இரண்டு இனத்திலும் ஒரே மாதிரி. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, நடுக்கம், காய்ச்சல் தொடங்கி, சைட்டோகைன் புயலில் (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சமிக்ஞைப் பொருட்கள் கட்டுமீறிப் பெருகுவதில்) உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. ஆறு பேரும் தீவிர சிகிச்சையில் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்தார். தொடக்கத்தில், மனித டி செல்களில் சிக்லெக் என்ற தடுப்புப் புரதங்கள் குறைவு என்பதால் இப்படி ஆனது என்று ஒரு கருத்து வந்தது. பிறகு 2010-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இன்னும் நேரடியான காரணத்தைக் காட்டினார்கள். மனிதரில், பழைய தொற்றுகளை நினைவில் வைத்துத் தாக்கத் தயாராக இருக்கும் ஒரு வகை டி செல்லில் சிடி28 இருக்கிறது. மக்காக்கில் அதே வகை செல்லில் சிடி28 இல்லை. மரபணு ஒன்று, அது எந்த செல்லில் எப்போது வேலை செய்கிறது என்பது வேறு. டி.என்.ஏ. எழுத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது கடைசிவரை கண்ணில் பட்டிருக்காது.

சிக்லெக் பேச்சு வந்ததால் அவை பற்றிக்கொள்ளும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் இது அதிகம் சுற்றுகிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அதில் ஒரு வகையை உண்டாக்கும் சி.எம்.ஏ.எச். மரபணு மனிதர் எல்லோருக்கும் உடைந்திருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் நன்றாக வேலை செய்கிறது. உடைந்தது ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இதுவரை உறுதி. பழைய மலேரியா ஒன்றிலிருந்து தப்பிக்கவே அது உடைந்து நிலைத்தது என்பது கருத்து மட்டுமே. இன்றைய கொடிய மலேரியா கொரில்லாவின் ஒட்டுண்ணியிலிருந்து வந்தது என்று 2010-இல் தெரிந்தபின், அது எந்த மரபணு வழியாக நம் சிவப்பணுவுக்குள் நுழையப் பழகியது என்பதில் வேறு விளக்கங்களும் போட்டியில் இருக்கின்றன.

மனிதன் இந்தப் பக்கம், குரங்கு அந்தப் பக்கம் என்று கோடு போடுவதே சில மரபணுக்களில் அர்த்தமில்லாமல் போய்விடும். உறுப்பு மாற்றத்தின்போது பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள், வைரஸ் துண்டுகளை டி செல்லுக்கு எடுத்துக் காட்டுபவை. இதில் எத்தனை விதம் இருக்கிறதோ அத்தனை நல்லது என்பதால் பழைய வடிவங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இனம் விட்டு இனம் வந்திருக்கின்றன. உங்கள் எச்.எல்.ஏ. துண்டு ஒன்று, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையதைவிட ஒரு சிம்பன்சியுடையதை அதிகம் ஒத்திருக்கலாம். ஏ, பி ரத்த வகைகளும் அப்படித்தான். நமக்கும் கிப்பன்களுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்தே அவை தொடர்ந்து வருகின்றன. சிம்பன்சியிடம் பி தொலைந்துவிட்டது, கொரில்லாவிடம் பி மட்டும் மிஞ்சியது.

இதில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. ஆய்வுக்காக ஆயிரக்கணக்கில் நடந்த ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு தடை செய்தது. அதற்குமுன் போனவற்றின் வாரிசுகள்தான் இன்றும் அமெரிக்க ஆய்வு மையங்களில் "இந்திய ரீசஸ்" என்ற பெயரில் இருக்கின்றன. எஸ்.ஐ.வி. ஏற்றினால் இவை சீன ரீசஸைவிட வேகமாக நோயுறும். ஆனால் மாமு-பி08 என்ற வடிவம் (குரங்குகளின் எச்.எல்.ஏ. வகை) உள்ள சில இந்திய ரீசஸ் குரங்குகள் வைரஸை மருந்தில்லாமலே அடக்கிவிடுகின்றன. மனிதரில் எச்.எல்.ஏ.-பி27 உள்ளவர்கள் சிலர் எச்.ஐ.வி.யை அப்படி அடக்குகிறார்கள். இரண்டு மூலக்கூறும் பிடிக்கும் வைரஸ் துண்டுகள் ஒரே சாயலில் இருக்கின்றன. 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு இனங்கள் ஒரே மாதிரி எதிரிக்கு ஒரே மாதிரி விடையை எட்டியிருக்கின்றன.

கடைசியாக, எடுத்து வைக்க முடியாதா என்ற கேள்வி. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மனித டி செல்லின் ட்ரிம்5-இல் ஓரிரண்டு இடத்தை மாற்றினால் தட்டில் அந்தச் செல்கள் எச்.ஐ.வி.யைத் தாக்குப்பிடிக்கின்றன. குரங்கின் முழுப் புரதத்தை வைத்தால் அந்நியமாகக் கண்டு நம் உடலே அந்தச் செல்லை அழிக்கக்கூடும், அதனால்தான் மனிதப் புரதத்தையே லேசாகத் திருத்துகிறார்கள். ஆனால் ஒருவர் உடலில் இருக்கும் கோடிக்கணக்கான டி செல்களையும் அவற்றைத் தரும் எலும்பு மஜ்ஜையையும் திருத்துவது பெரிய, ஆபத்தான சிகிச்சை. வைரஸும் சும்மா இருக்காது. எச்.ஐ.வி. நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 இல்லாதவரின் மஜ்ஜையைப் பெற்றுத்தான் பெர்லின் நோயாளி என்று அறியப்பட்ட டிமோத்தி ரே பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்து குணமடைந்தார். சிவப்புத் தலை மாங்கபே என்ற ஆப்பிரிக்கக் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே வேலை செய்யும் சிசிஆர்5 இல்லை. அவற்றின் எஸ்.ஐ.வி. என்ன செய்தது தெரியுமா? சிசிஆர்2 என்ற வேறு புரதத்தைப் பிடித்து நுழையப் பழகிக்கொண்டது. எனவே ஒற்றை மரபணுவைத் திருத்தி ஊருக்கே வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல தடைகளை ஒரே செல்லில் சேர்த்து வைக்கும் முயற்சிகளில்தான் எனக்கு நம்பிக்கை.

இதற்கிடையில், ட்ரிம்5 தாக்கும் அதே கூட்டைத் தாக்கும் மருந்து 2022-இல் அனுமதி பெற்றுவிட்டது. பெயர் லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. தொற்றாமல் தடுக்கவும் அதை 2025-இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். குரங்கின் புரதத்தைப் பார்த்து அதை வடிவமைத்தார்கள் என்று சொன்னால் மிகையாகிவிடும். எச்.ஐ.வி.யின் கூடு எளிதில் காயப்படும் இடம் என்பதை ரீசஸும் ஆந்தைக் குரங்கும் முன்பே காட்டியிருந்தன, அந்த அளவுக்குத்தான் உறவு. மரபணுவைத் தொடாமல், ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பதால் இன்றைக்கு எனக்கு இதுவே ஏற்புடைய வழியாகத் தெரிகிறது. விலை மட்டும் இன்னும் இறங்க வேண்டும்.